இருபத்தொன்பது பிள்ளைக்காரி

ஒரு வருடத்தில் மரிய புஷ்பம் பிரசவம் பார்த்த நாற்பது பிள்ளைகளில் இருபத்தொன்பது உயிரோடு இல்லை என்றது டாக்டர் பாலசுந்தரம் நீட்டிய தாள். அவள் மூன்று தடவை படித்தாள். நேற்று சந்தையில் அவள் புடவையை நனைத்த பிள்ளையும் அந்த இருபத்தொன்பதில் இருந்தது.

உலகப் போர் முடிந்த மறுவருடம் அது. ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஓர் ஓட்டுக் கட்டடத்தில் பிரசவ ஆஸ்பத்திரி என்று போர்டு மாட்டி, உள்ளே நர்ஸ் மரிய புஷ்பத்தையும் ஓர் அடுப்பையும் வைத்திருந்தார்கள். கத்தரியையும் நூலையும் கொதிக்க வைத்துக் கொடி அறுத்தால் பிள்ளை பிழைக்கிறதா, ஊர் மருத்துவச்சி ஜெகதாம்பாள் அரிவாளால் அறுத்துச் சாணிச் சாம்பல் வைத்தால் பிழைக்கிறதா என்று பார்ப்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. வெந்நீர் தோற்றால் ஆஸ்பத்திரிக்குப் பூட்டு.

வீடு வீடாக விசாரித்து எழுதியவர் கண்ணையன் என்ற குமாஸ்தா. சொன்னதை எழுதுவார். யோசிப்பதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது.

"உங்க மேல குத்தம் சொல்லலம்மா. ஆனா எழுதியிருக்கிறத நான் மாத்த முடியாது. காலைல அரியலூர்ல ரயில் ஏறணும்" என்றார் டாக்டர்.

மரிய புஷ்பம் அடுத்த தாளைப் புரட்டினாள். 'ஜெகதாம்பாள், வயது ஐம்பத்தாறு, விதவை. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருபத்தொன்பது. அனைவரும் நலம்.' இதை எழுதும்போது பேனாவாவது கொஞ்சம் தயங்கியிருக்கக் கூடாதா!

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அடுத்தடுத்துப் பிள்ளை தங்காத வீடுகளில், புதிதாகப் பிறந்ததை ஒரு படி தவிட்டுக்கு மருத்துவச்சியிடம் விற்றுவிடுவார்கள். பெற்றவள்தான் வளர்ப்பாள், ஆனால் கேட்டவர்களிடம் தன் பிள்ளை என்று சொல்லமாட்டாள். சொன்னால் எமனுக்குக் காது கேட்டுவிடுமாம். பிள்ளை இல்லை என்று அவர்கள் சொன்னதைக் கண்ணையன் செத்ததாக எழுதிவிட்டார். இரண்டு மூன்று பறிகொடுத்தவர்கள்தான் பயந்துபோய் மரிய புஷ்பத்தின் வெந்நீரையும் தேடி வந்தார்கள். வெந்நீர் ஒரு பக்கம், தவிடு ஒரு பக்கம்.

உடனே தெற்குத் தெருவுக்கு ஓடினாள். அந்தச் சந்தைப் பிள்ளையைப் பெற்ற பெரியம்மாள் வாசலில் உட்கார்ந்து அதற்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, இது உன் புள்ளதான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லு."

"என் புள்ளயா? எனக்கேதுங்க புள்ள!" என்று அவள் பிள்ளையை மறு மாருக்கு மாற்றினாள்.

அதற்குமேல் ஒரே வழிதான் இருந்தது. இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத ஜெகதாம்பாள் வீட்டுப் படியேறினாள் மரிய புஷ்பம். வெட்கம் பிடுங்கித் தின்றது. கிழவி வெற்றிலையை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிய மூடுனா எனக்கு நல்லதுதான?"

"நல்லதுதாங்க" என்றாள் மரிய புஷ்பம். வேறென்ன சொல்வது?

மறுநாள் காலையில் டாக்டர் வண்டியில் பெட்டியை ஏற்றும்போது தெரு அடைத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். ஒவ்வோர் இடுப்பிலும் ஒரு பிள்ளை. கண்ணையன் ஒவ்வொருத்தியாகக் கேட்டார். "சும்மா தூக்கிட்டு வந்தேங்க, இது மருத்துவச்சி புள்ள" என்று இருபத்தொன்பது பேரும் ஒரே குரலில் சாதித்தார்கள். இருபத்தொன்பதும் பசியில் அலறியதும், தூக்கி வந்தவர்களே மாராப்பை விலக்கினார்கள். டாக்டர் சட்டென்று முந்திரி மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவர்களை வீடு வீடாகப் போய்த் திரட்டி வந்த ஜெகதாம்பாள் முன்னால் வந்தாள்.

"வாங்குனதுதான் நானு. கொடி அறுத்தது அந்த நர்சு. அவ பேருல எழுதுங்க."

கண்ணையன் அடித்து எழுதினார்.

"இன்னொண்ணு. நான் அறுத்ததுல பதினோரு புள்ள ஏழாம் நாள் இழுப்புல போச்சு. என் மூஞ்சிக்காக யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அதயும் எழுதிக்கங்க." பதினோரு தாய்மார்களின் பெயரையும் வரிசையாகச் சொன்னாள். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அவ்வளவு நாளும் அந்தக் கிழவியைக் கொலைகாரி என்று மனசுக்குள் திட்டியவள் மரிய புஷ்பம்.

வண்டி போனபின் ஜெகதாம்பாள் நகரவில்லை.

"எம்மவ மலர்கொடிக்குத் தை மாசம் பேறுகாலம். முன்ன ரெண்டு போயிருச்சு. ரெண்டும் நான் அறுத்தது." வெற்றிலையைத் துப்பினாள். "நீ வந்து அறு."

"வரேங்க."

"அது மட்டும் பத்தாது. எம் பேரப்புள்ளய நானே வாங்க முடியுமா? தவிட்டுக்கும் நீதான் வாங்கணும்."

மாதா கோயிலில் பூசை தவறாதவள், தவிடு என்றாலே சிரிப்பவள் மரிய புஷ்பம்.

"ஒரு படி போதுமா?" என்று கேட்டாள்.

"ரெண்டு படியாவே கொண்டா" என்றாள் ஜெகதாம்பாள். "கொதிக்க வச்சுத் தொலைக்காத."