ஐந்து நிமிடத்தில் நிற்கும் எஞ்சின்

புது எஞ்சினின் புகைவடிகட்டி இரண்டாவது முறையும் அடைத்துக்கொண்டது என்ற செய்தி வந்தபோது, அலுவலகத்தில் எல்லோருடைய பார்வையும் சின்னவளின் மேசைப் பக்கம்தான் திரும்பியது.

மண் தோண்டும் வண்டிகளுக்கு எஞ்சின் செய்கிற தொழிற்சாலை அது. அதன் சோதனைப் பிரிவில் அவள் பொறியாளர். வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் சின்னவள். அக்கா பெரியவள். பள்ளிக்கூடம் தாண்டி, கல்லூரி தாண்டி, சம்பளம் வாங்கும் வயதிலும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

புது எஞ்சின் பழையதைவிடக் குறைவாக டீசல் குடிக்கும். புகை கண்ணுக்கே தெரியாது. வெளியேறும் குழாயில் உள்ள வடிகட்டி கரியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எஞ்சின் நன்றாக உழைத்துச் சூடேறும்போது அந்தக் கரி தானாகவே எரிந்துபோகும். இதோடு சின்னவள் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருந்தாள். வேலையில்லாமல் எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தால், ஐந்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும். வெட்டியாகப் போகிற டீசலை மிச்சம் பிடிக்க அவள் கண்டுபிடித்த வழி.

நான்கு வண்டிகளில் அந்த எஞ்சினைப் பொருத்தி நான்கு இடங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று ஒழுங்காக ஓடின. முரண்டு பிடித்தது நான்காவது. ஊருக்கு நடுவில் ஓர் உயரமான கட்டடத்துக்காக ஆழமாகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த வண்டி. அதை ஓட்டியவர் பெரியவளின் கணவர். "எங்க மாமா கை பட்டா எந்த வண்டியும் சொன்ன பேச்சு கேட்கும்" என்று அவரைச் சிபாரிசு செய்ததும் சின்னவள்தான்.

தலைமைப் பொறியாளர் அவளை அழைத்தார். "எஞ்சின் பதிவைப் பார்த்தேன், ஒண்ணு மட்டும் தினமும் மத்தியானம் முழுக்க சும்மா ஓடியிருக்கு. சும்மா ஓடினா சூடேறாது. சூடேறலைன்னா கரி எப்படி எரியும்? உன் அஞ்சு நிமிஷம் அங்க ஏன் வேலை செய்யலை? நேர்ல போய்ப் பாரு."

மாமாவிடம் வீட்டிலேயே கேட்டிருக்கலாம். ஒரே வீடுதான். கீழே அக்காவும் மாமாவும் கைக்குழந்தையும். மாடியில் இருந்த ஒற்றை அறையில் அவள். ஆனால் சாயங்காலம் மாமா வந்து குளித்துத் தலை துவட்டுவதற்குள் அக்கா குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு ரொட்டித் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அந்த நேரத்தில் எஞ்சினைப் பற்றி என்ன பேச? அலுவலக வேலையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில், கேட்கக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பள்ளத்துக்குள் இறங்கினாள். சரிவுப் பாதையில் தூசி கணுக்கால் வரை ஏறியது. மேலே வெயில் தகரத்தைப் போல மின்னிக்கொண்டிருந்தது. மண்சுவரின் குறுகலான நிழலில் கம்பி கட்டும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க எஞ்சினம்மா!" என்றாள் ஒருத்தி. சின்னவள் முதல் நாள் வண்டியோடு வந்தபோதே அவர்கள் அவளுக்கு வைத்த பெயர். "உங்க வண்டி வந்ததிலேர்ந்து சாப்பாட்டுல டீசல் வாடை இல்லை. பழைய வண்டி இருந்தப்போ புகை மேலேயும் போகாது, கீழேயே சுத்திச் சுத்தி நம்ம மூக்குக்குத்தான் வரும். இப்போதான் குழம்பு என்ன குழம்புன்னே தெரியுது."

"தெரிஞ்சு என்ன, அதே புளிச்ச குழம்புதான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளுக்கு மனம் குளிர்ந்தது.

வண்டி பள்ளத்தின் நடுவில் நின்றது. மண் அள்ளும் பக்கெட் தரையில் கிடந்தது. எஞ்சின் மட்டும் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பும்போது ஆட்களை விலக்கிக் கொடி காட்டுபவர் உட்காரும் நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, பக்கெட்டிலிருந்து நாலடி தள்ளிக் காலியாக இருந்தது. அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

சின்னவள் சங்கிலிச் சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மாமா கன்னத்துக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தையைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தார். இருக்கைக்கு ஓரத்தில் ஒரு சிவப்பு லீவர். அதைத் தூக்கிவிட்டால் கைப்பிடிகள் எதுவும் வேலை செய்யாது. ஓட்டுபவர் ஓய்வெடுக்கிறார் என்று புரிந்துகொண்டு எஞ்சின் ஐந்து நிமிடத்தை எண்ணத் தொடங்கும். லீவர் தூக்கப்படவே இல்லை. அவர் வேலை செய்துகொண்டிருப்பதாகவே எஞ்சின் நினைத்துக்கொண்டிருந்தது.

விஷயம் புரிந்துவிட்டது. அப்படியே இறங்கிப் போயிருக்கலாம். கோபம் விடவில்லை. கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

மாமா தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். முழங்கை கைப்பிடியில் இடித்தது. வண்டியின் மேல்பாகம் ஒரே வெட்டாகத் திரும்பியது. தரையில் கிடந்த பக்கெட் மண்ணைச் சீவிக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தது. சின்னவள் பிடி நழுவி மண்ணில் போய் விழுந்தாள். மாமா சாவியைத் திருப்ப, எஞ்சின் நின்றது. பெண்களில் யாரோ அலறியது அதற்குப் பிறகுதான் கேட்டது.

அவளுக்குக் கையில் சிராய்ப்புதான். கொடிக்காரரின் நாற்காலி இருந்த இடத்தில் மட்டும் நாற்காலி இல்லை. பக்கெட்டுக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் நீலத் துண்டுகள் துருத்திக்கொண்டிருந்தன.

கொடிக்காரர் ஈரக் கையோடு வந்து பார்த்தார். வயதானவர். குனிந்து ஒரு நீலத் துண்டை எடுத்தார். பிறகு சொன்னார்: "நல்லவேளை, இன்னைக்குக் கை கழுவணும்னு தோணிச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மேலிருந்து சூப்பர்வைசர் சரிவில் ஓடிவருவது தெரிந்தது. கொடிக்காரர் மாமாவின் பக்கம் குனிந்து, "மண்ணு சரிஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாம் தம்பி. நாற்காலி என்னோடதுதானே, நானே கேட்கலைன்னா யார் கேட்கப் போறா?" என்றார்.

"வேண்டாண்ணே" என்றார் மாமா. முகம் வெளிறியிருந்தது. "மண்ணு மேல பழியைப் போட்டுட்டு நாளைக்கும் இதே மாதிரி தூங்குவேன். அன்னைக்கு நீங்க உட்கார்ந்திருப்பீங்க."

சூப்பர்வைசரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். சின்னவள் குறுக்கே வந்து, "கண்ணாடியைத் தட்டினது நான்தான்" என்றாள்.

"நீங்க தட்டினது தப்புதான்மா. அதுக்காக அவர் லீவரைத் தூக்காம தூங்கினது சரியாயிடுமா?" சூப்பர்வைசர் கையை நீட்டினார். மாமா சாவியை அதில் வைத்தார்.

இருவரும் சரிவில் பாதி தூரம் ஏறியதும் சின்னவள் கேட்டாள்.

"ஏன் மாமா லீவரைத் தூக்கலை?"

"தூக்கினா அஞ்சு நிமிஷத்துல எஞ்சின் நிக்குது. எஞ்சின் நின்னா ஏசியும் நிக்குது. நாலு பக்கமும் கண்ணாடி. பத்து நிமிஷம் உள்ள இருந்தா அவிஞ்சு போயிடுவேன்."

"நிழல்ல படுத்திருக்கலாமே?"

"அந்த நிழல்ல அவங்க சாப்பிடறாங்க. நான் போய்ப் படுத்தா அவங்க வெயில்ல உட்காரணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "படுக்காமலும் இருக்க முடியாதும்மா. ராத்திரி எனக்குத் தூக்கம் ஏது? உனக்குத் தெரியாதா?"

கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பெரியவள் வேலைக்குக் கிளம்ப முடியாமல் நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள். கையில் சாப்பாட்டு டப்பா. மாமா உள்ளறையில் குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார்.

"நல்ல எஞ்சின் செஞ்சேடி. அது முதல்ல சுத்தம் பண்ணினது என் புருஷன் வேலையைத்தான்."

"அக்கா, வேணும்னா பண்ணேன்?"

"ராத்திரி பாப்பா அழறது மாடிக்குக் கேட்கலையா உனக்கு?"

"கேட்கும்."

"கேட்டு?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "காதுல பாட்டு மாட்டிக்குவேன். மாமா பார்த்துக்கறாருன்னு நினைச்சேன்."

"பார்த்துக்கிட்டார். அதான் பகல்ல கண்ணு சொருகுது." பெரியவள் செருப்பை மாட்டினாள். வாசல்படி இறங்கியவள் நின்று, திரும்பாமலே சொன்னாள்: "உன்னை மட்டும் சொல்லலை. காலையில நான் வர்றப்போ அவர் சிரிச்ச முகமா கிளம்பிப் போவார். நானும் நம்பிட்டேன்."

மறுநாள் தலைமைப் பொறியாளர், நடந்ததைக் கேட்டு முதலில் "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்றார். பிறகு நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார். "அப்போ எஞ்சின் மேல தப்பில்லை. ஓட்டறவர் ஏமாத்தியிருக்கார். அவ்வளவுதான்."

அது பொய்யில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் அவள் வேலைக்கு நல்லது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எஞ்சின் மேல தப்பில்லை சார். அஞ்சு நிமிஷத்துல நிறுத்துன்னு அதுகிட்டச் சொன்ன என் மேல இருக்கு."

"எப்படி?"

"மத்த மூணு வண்டியும் எங்க ஓடுது? ஒண்ணு மலையில. அங்க ஏசியே போட மாட்டாங்க. ஒண்ணு தோப்புக்குள்ள. இன்னொண்ணு கடற்கரையில, காத்து பிச்சுக்கிட்டுப் போகும். அங்கெல்லாம் நம்ம எஞ்சின் ஜெயிக்கலை சார், வானிலை ஜெயிச்சுது. வெயில் காயற பள்ளத்துல வச்சதும் தோத்துடுச்சு. நான் இதைச் சோதிச்சுப் பார்த்தது நம்ம ஏசி அறைக்குள்ள."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. என்ன பண்ணலாம்கறே?"

"எஞ்சின் நின்னாலும் கேபின் குளிர்ச்சியா இருக்கணும். தனியா ஒரு பேட்டரி. வண்டி வேலை செய்யறப்போ அது சார்ஜ் ஏறட்டும். சாப்பாட்டு நேரத்துல ஒரு சின்ன ஏசியை அது ஓட்டட்டும். அப்போ யாரும் லீவரை ஏமாத்த வேண்டியதில்லை."

"பேட்டரியோட கனம், அதை வைக்க இடம், அது தாங்கற சூடு. மூணும் சேர்ந்து உன் கழுத்தைப் பிடிக்கும்."

"பிடிக்கட்டும் சார்."

"ஒரு வருஷம் முன்னாடியே இதை யோசிச்சிருக்கலாம்" என்றார் அவர். அதில் கோபம் இல்லை. "நீ மட்டும் இல்லை. நானுந்தான் கையெழுத்துப் போட்டேன். செய்."

சொன்னதுபோலவே மூன்றும் கழுத்தைப் பிடித்தன. முதல் பேட்டரி வைத்த பெட்டியின் மூடி எஞ்சின் பக்கச் சூட்டில் அப்பளமாக வளைந்தது. அதை வண்டியின் பின்பக்கம் மாற்றினால், பழுதுபார்ப்பவரால் கையை விட்டு வடிகட்டியைக் கழற்ற முடியவில்லை. வெயில் காலம் முடிந்து மழை வந்தது. ஏசியைச் சோதிக்க வெயில் இல்லாமல், தொழிற்சாலையின் உலைக்குப் பக்கத்தில் ஒரு கேபினைக் கொண்டுபோய் வைத்து அதற்குள் அவளே உட்கார்ந்தாள்.

மாமாவுக்கு ஊருக்கு வெளியே சாலை போடும் இடத்தில் வேலை கிடைத்தது. வண்டி அரதப்பழசு. சாயங்காலம் வரும்போது சட்டைக் கழுத்தில் கரி வளையமிட்டிருக்கும். "நான் நிறுத்தினாத்தான் நிக்குது, நல்ல வண்டி" என்று சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும். சின்னவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

வாரத்தில் பாதி நாட்கள் இரவில் குழந்தை மாடிக்கு வந்தது. ஆரம்பத்தில் அது அவளை ஆட்டிவைத்தது. ஒருநாள் சோதனைக்காகப் பதிந்து வைத்திருந்த எஞ்சின் சத்தங்களை அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது அழுகை சட்டென்று நின்றது. பழைய எஞ்சினின் கடகடப்பு கேட்டால் குழந்தை சொக்கித் தூங்கிற்று. புது எஞ்சினைப் போட்டால் கண்ணைத் திறந்துகொண்டு வீறிட்டது. "உன் எஞ்சினை உன் அக்கா பொண்ணே ஏத்துக்கலையே" என்று மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பெரியவளும் சிரித்தாள். அவள் தங்கையிடம் பழையபடி பேசத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அடுத்த வெயில் காலத்தில் சின்ன ஏசி வைத்த வண்டி தயாரானது. சின்னவள் இந்த முறை யாரையும் சிபாரிசு செய்யவில்லை. அது அதே சூப்பர்வைசரும் அதே ஆட்களும் வேலை செய்த புதிய பள்ளத்துக்குப் போனது. இரண்டு நாள் கழித்து மாமாவின் போன் அடித்தது.

"தூங்கறதுன்னா லீவரைத் தூக்கிட்டுத் தூங்குங்க. வர்றீங்களா?" என்றது சூப்பர்வைசரின் குரல்.

மாமா போனார். முதல் நாள் சாயங்காலம் அவர் வரும்வரை சின்னவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல், "எஞ்சின் நின்னுச்சா?" என்றாள்.

"நின்னுச்சு."

"உள்ள?"

"ஜிலுஜிலுன்னு இருந்தது."

"தூங்கினீங்களா?"

"தூக்கம் வரலைம்மா. ராத்திரிதான் நல்லாத் தூங்கறேனே." அவர் வாசல்படியில் உட்கார்ந்து, யோசித்து யோசித்துப் பேசினார். "சும்மா உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்துல வண்டிக்குள்ள உட்கார்ந்து அந்தக் கம்பி கட்டறவங்க பேசறதைக் கேட்டதே இல்லை. கதவை லேசாத் திறந்து வச்சேன். ஒருத்தி பொண்ணுக்குப் பல் முளைக்குதாம். கொடிக்கார அண்ணனுக்குக் கண்ணுல ஆபரேஷனாம், பயப்படறார். நான் கூட வரேன்னு சொல்லியிருக்கேன்."

சின்னவளும் வாசல்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆனா ஒண்ணு" என்று மாமா முழங்காலைத் தேய்த்தார். "காத்து நேரா இடது முட்டியிலயே அடிக்குது. இங்க பாரு, விறைச்சுப் போச்சு. அதைக் கொஞ்சம் மேல திருப்பி வைக்கக் கூடாதா?"

"திருப்பிடலாம் மாமா" என்றாள் அவள். "நாளைக்கு மத்தியானம் வந்து நானே உட்கார்ந்து பார்க்கறேன்."

"வா. கண்ணாடியை மட்டும் தட்டாதே."