கீழே போட்ட டார்ச்

புது டார்ச்சுகள் வந்து இறங்கியபோது காவல் நிலையமே வாயைப் பிளந்தது. சுவரில் அடித்தாலே கண் கூசியது. ஏட்டம்மா மட்டும் ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். வெளிச்சம் துடித்து அணைந்து, மறுபடி எரிந்தது.

போன மழைக்காலத்தில், மூடிக்கிடந்த ஆலைக்குள் ஒரு திருடனைத் தேடி அவரும் ஜீப் டிரைவரும் இறங்கியிருந்தார்கள். இருட்டில் அவன் இடித்துத் தள்ளியதில் ஏட்டம்மா கையிலிருந்த டார்ச் விழுந்து அணைந்தது. படி தெரியாமல் உருண்ட டிரைவர் இன்னும் கைத்தடியோடுதான் நடக்கிறார்.

ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் ஏட்டம்மாவின் தங்கை கணவர். ஏட்டம்மா பெட்டிகளைத் திருப்பி அனுப்பச் சொன்னதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பெரிய அதிகாரியே பார்த்துத் தேர்ந்தெடுத்தது, நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் வேறு வருகிறார்கள், உங்களுக்கு ஏதாவது ஆனால் உங்கள் தங்கை எனக்குச் சோறு போடமாட்டாள் என்று கெஞ்சினார்.

மறுநாள் கூடத்தில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் எல்லாரையும் நிற்கவைத்து, அதிகாரி முதல் டார்ச்சை ஏட்டம்மாவிடம் நீட்டினார். நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லச் சொன்னார். ஏட்டம்மா அதை எரியவிட்டு, இடுப்பு உயரத்தில் பிடித்து, விரல்களை விரித்தார். தரையில் விழுந்தது அணைந்தே போனது.

அதிகாரியின் முகம் கறுத்தது. "வேணும்னே போட்டீங்களா?"

"ஆமா சார், வேணும்னுதான் போட்டேன். இருட்டுல இடிக்கிறவன் பதமாவா இடிப்பான்? கண்ணைப் பறிக்கிற வெளிச்சம் எனக்கு வேண்டாம். கைதவறி விழுந்தாலும் எரியணும். கையுறை போட்ட விரலுக்கு ஸ்விட்ச் தட்டுப்படணும். இதை நம்பி நான் யாரையும் உள்ளே கூட்டிட்டுப் போகமாட்டேன்."

ஒரு டார்ச் கோளாறு என்றால் எல்லாமேவா கோளாறு என்று அதிகாரி சீறினார். அப்போது ஸ்டோர்க்காரர் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். எரியவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு கீழே போட்டார். அதுவும் அணைந்தது. கேமராக்கள் படபடவென்று மின்னின.

பெட்டிகள் திரும்பிப் போயின. அடுத்து வந்தவை பார்வைக்குச் சுமார்தான். ஆனால் மாடிப்படியில் உருட்டிவிட்டும் அணையவில்லை.

ஏட்டம்மாவையும் ஸ்டோர்க்காரரையும் வாசல் காவலுக்கு மாற்றினார்கள். மன்னிப்புக் கேட்டால் உள்ளே வரலாம் என்று அதிகாரி ஆள் அனுப்பினார்.

"எங்களுக்கு இங்க காத்து நல்லா வருதுன்னு சொல்லுங்க" என்றார் ஏட்டம்மா.