செத்த ஹரிஷங்கருக்குப் பெண் பார்த்தது

ஆரியசாலை மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி தாணுமாலையனின் ஒரே மகன் ஹரிஷங்கர், தன்னுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சாயங்காலம், ஈர வேட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தான். நெற்றியில் எள் ஒட்டியிருந்தது. யாரும் சாகாமலே நடந்த காரியம் அது என்று தெருவுக்கே தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை கொச்சியில் ஆபரேஷன் செய்துகொண்டு, பத்மப்ரியா என்று பெயர் மாற்றி, திரும்பி வந்து மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மற்ற அப்பாக்கள் வாயால் தலைமுழுகுவதோடு விட்டுவிடுவார்கள். தாணுமாலையன் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. தர்ப்பையில் ஆள் உருவம் செய்து எரித்து, திருவல்லம் ஆற்றங்கரையில் பிண்டப் பலியிட்டு, ஒன்று விடாமல் முறைப்படி செய்தார். முறைப்படி செய்ததால் ஹரிஷங்கர் செத்தே போனான். செத்தவன் போக இடமில்லாமல் வீடு வந்து சேர்ந்தான். பத்மப்ரியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

செத்தவன் நல்ல பிள்ளையாக இருந்தான். வத்தல் கடைக்குள் காலெடுத்து வைக்கிற எவனும் தும்மாமல் போனதில்லை. ஹரிஷங்கர் மூட்டைகளுக்கு நடுவே பகல் முழுக்க உட்கார்ந்தும் ஒரு தும்மல் போடவில்லை. மூச்சு விட்டால்தானே. மூட்டைவாயைக் கட்டச் சொன்னால் மட்டும் சணல் அவன் விரல் வழியாக நழுவி விழும். மற்றபடி மீசை இருந்தது, எதிர்த்துப் பேசவில்லை, அப்பா சொன்ன இடத்தில் இருந்தான். பையன் திருந்திவிட்டான் என்று தெரு மெச்சியது. அவன் அம்மா உலகம்மாளுக்குத்தான் அவன் ஒட்டவில்லை. முகம் அவள் பெற்ற முகம்தான், ஆனால் தொட்டால் கிணற்றுக்கல் மாதிரி சில்லென்றிருந்தது. வருஷங்கள் போயும் பெற்ற பிள்ளையைக் கூப்பிடும் ‘மக்ளே’ என்ற சொல்லால் அவனைக் கூப்பிட அவளுக்கு நாக்கு எழவில்லை. மகளை வாசலில் கூட நிற்கவிடப் புருஷன் சம்மதிக்காததால், சுகர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மெடிக்கல் காலேஜ் பக்கம் பஸ் ஏறுவாள். லேபில் ஊசி குத்துவதற்காகப் பத்மப்ரியா அவள் கையைப் பிடிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக, டாக்டர் சொன்னதைவிட அடிக்கடி ரத்தம் கொடுத்தாள். இவள் ஒரு தடவையாவது நம் வீட்டுக்குள் வந்து நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுடைய ஆசை.

பிறகு வரன் வர ஆரம்பித்தது. யாரோ கேலி செய்கிறார்கள் என்றுதான் உலகம்மாள் முதலில் நினைத்தாள். ஆனால் வித்துராவில் பலசரக்குக் கடை வைத்திருந்த வீரபாண்டி, மகள் ரெம்யாவின் ஜாதகத்தோடு நேரிலேயே வந்துவிட்டார். ரெம்யாவுக்கு மாங்கல்ய தோஷம். கட்டுகிறவன் சீக்கிரம் போய்ச் சேர்வான் என்று பார்த்த ஜோசியரெல்லாம் கைவிரித்திருந்தார்கள். இங்கே மாப்பிள்ளை ஏற்கெனவே போய்விட்டதால் அந்தப் பயம் இல்லை, இதைவிடப் பொருத்தம் அமையாது என்று ஒரு ஜோசியர் சந்தோஷமாகச் சொல்லியிருந்தார். குடி இல்லை, சிகரெட் இல்லை, சொந்தக் கடை. வீரபாண்டிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது: ஆபரேஷன் செய்துகொண்ட ஒருத்தி இருக்கிறாளாமே, அவள் இந்த வீட்டுப்பக்கம் வருவாளா? வரவே மாட்டாள் என்று தாணுமாலையன் சத்தியம் பண்ணினார். உலகம்மாள் கொண்டுவந்த காபியை அவர் கையில் கொடுக்காமல் கீழே வைத்தாள். பிணத்துக்குப் பெண் கொடுக்கிறவர் அவளுடைய மகளைக் கண்டு பயப்படுகிறார்.

சிக்கல் தாலியில் வந்தது. முதல் முடிச்சை மாப்பிள்ளையும் மற்ற இரண்டை நாத்தனாரும் போடுவது அவர்கள் வழக்கம். ஹரிஷங்கரின் விரலில் கயிறு நிற்காது என்பதால் மூன்றையும் நாத்தனார்தான் போட வேண்டும் என்றார் புரோகிதர். ஒன்றுவிட்ட தங்கச்சி யாராவது போதாதா என்று தாணுமாலையன் இழுத்தார். உலகம்மாள் அன்றுதான் வாயைத் திறந்தாள். “கூடப்பிறந்தவ உயிரோட இருக்கையில ஒன்னுவிட்டவ கை எதுக்கு?” அதுதான் முறை என்று புரோகிதரும் சொல்லிவிட்டார், முறை என்று வந்தபின் தாணுமாலையன் தன் சத்தியத்தையும் வீரபாண்டி தன் பயத்தையும் விட வேண்டியதாயிற்று. ரெம்யாவின் கதி என்ன என்ற நினைப்பே உலகம்மாளுக்கு வரவில்லை. மகள் வரப்போகிறாள் என்ற சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாண மண்டபத்தில் மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மண்டபத்து வேலைக்காரி ஒருத்தி பக்கத்திலேயே நின்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பட்டுப்புடவையில் பத்மப்ரியா உள்ளே நுழைந்ததும் மண்டபமே அதிர்ந்து எழுந்தது. பெண்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். இவள் எந்த டாய்லெட்டுக்குப் போவாள் என்று ஒருவர் மேனேஜரிடம் விசாரித்தார். என்ன சீக்கு இருக்குமோ என்று அவளுக்கு மட்டும் பேப்பர் கப்பில் தண்ணீர் வந்தது. ஊராருக்கெல்லாம் என்ன சீக்கு என்று கண்டுபிடித்துச் சொல்வதே அவள் வேலை. அவள் அதைக் குடித்துவிட்டு, தாலியை வாங்கிக்கொண்டு ரெம்யாவின் பின்னால் போய் நின்றாள்.

விளக்கோடு பக்கத்தில் நின்ற உலகம்மாளுக்கு ரெம்யா முணுமுணுத்தது கேட்டது. “சேச்சி, இவரு மரிச்ச ஆளாக்கும். எனக்குப் பயமா இருக்கு.” பத்மப்ரியா கயிற்றைப் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தாள். தன் மகளை உள்ளே கொண்டுவர இன்னொருத்தி மகளைப் பிணத்தோடு கட்டப் பார்த்தோமே என்று உலகம்மாளுக்கு உடம்பு கூசியது.

“முடிச்சுப் போடாத மக்ளே,” என்றாள் உலகம்மாள், மேளத்தையும் மீறி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “இந்தப் பிள்ளை பிழைக்கட்டும்.”

மேளம் நின்றது. தாணுமாலையன் நிதானமாகத்தான் பேசினார். “இத நிறுத்தினா, இன்னையோட நீயும் எனக்குச் செத்தவ.”

உலகம்மாள் விளக்கைத் தரையில் வைத்தாள். பத்மப்ரியா தாலியைத் தட்டில் போட்டாள். மூன்று பெண்களும் வாசல் வழியாக வெளியே போனார்கள். ரெம்யா கல்லாற்றில் ஒரு தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். உலகம்மாள் மகளின் வாடகை வீட்டுக்குப் போனாள்.

தாணுமாலையன் சொன்ன வாக்கு தவறாதவர். மறுபடியும் தர்ப்பை, மறுபடியும் திருவல்லம். பதினாறாம் நாள் ஈரப் புடவையோடு ஓர் உலகம்மாள் வீடு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். ஒருநாள் சாலைக் கடைவீதியில், மகள் வீட்டிலிருந்து காய் வாங்க வந்த உலகம்மாள் அவளை எதிரே கண்டாள். தன் முகத்தைத் தானே பார்த்தபடி காய்கறிக் கடை ஓரமாக ஒதுங்கி நின்றாள். காய்கறிக்காரர் அந்த ஈரப் புடவைக்காரியிடம் சுகமா என்று விசாரித்து, கூட நாலு முருங்கைக்காய் எடுத்துப் போட்டார். உயிரோடு இருந்தவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உலகம்மாள் வேறு கடையில் காய் வாங்கிக்கொண்டு, மகள் வேலை முடிந்து வருவதற்குள் சமைத்துவிட வேண்டும் என்று பஸ் ஏறினாள்.