கடைசிப் பக்கத்துத் தீவு

"அண்ணி, ஊர்ல இருக்கறவங்களுக்கு வர்ற நல்ல சேதியெல்லாம் நீங்கதான் எழுதுறீங்க. உங்களுக்கு ஒரு நல்ல சேதி வந்தா அதை யாரு எழுதுவா?"

நாத்தனார் ஒருமுறை இப்படிக் கேட்டாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். பதிலை அவள் எதிர்பார்க்கவும் இல்லை. அண்ணிக்குத்தான் அது தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாக நின்றுவிட்டது.

வீட்டில் அண்ணி. வெளியே எல்லோருக்கும் அவள் செய்தியம்மா. வட்டாரச் சிலந்தி ஆய்வுக் கழகம் என்று ஒன்று இருந்தது. பல் டாக்டர் அதற்குத் தலைவர். கல்லூரி வாத்தியார்கள், வங்கிக் குமாஸ்தா, தோட்டக்காரர், ஓய்வுபெற்ற ரயில் கார்டு என்று எட்டுக் கால் ஜீவனைப் பார்த்தால் சொந்த வேலையை மறந்துவிடும் ஆட்கள் எல்லாம் அதில் உறுப்பினர்கள். சிலந்தியை யாராவது பூச்சி என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "பூச்சிக்கு ஆறு கால்ங்க!" என்பார்கள்.

மாதாமாதம் கழகத்தின் செய்திமடல் வரும். எட்டுப் பக்கம். சமையலறை மேஜையில் உட்கார்ந்து அதைத் தயாரிப்பவள் இவள்தான். அவள் உயிரை வைத்து எழுதியது இரண்டாம் பக்கம். 'உறுப்பினர் செய்திகளும் வாய்ப்புகளும்.' யாருக்குப் பரிசு கிடைத்தது, யாருடைய கட்டுரை அச்சேறியது, எங்கே பயிற்சி முகாம், எதற்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு வரியையும் மூன்று முறை அடித்துத் திருத்துவாள். கடைசிப் பக்கம் 'தொலைந்தது, கிடைத்தது.' அதைக் கடனே என்று எழுதுவாள். அதில் பாதி குடையாகத்தான் இருக்கும். குடையைத் தலைகீழாக விரித்துப் புதருக்கு அடியில் பிடித்து, கிளையைத் தடியால் தட்டினால் சிலந்திகள் பொலபொலவென்று குடைக்குள் விழும். கழகத்துக்காரர்கள் சிலந்தியை எடுத்துக்கொண்டு குடையைப் புதரிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

அவளுக்குச் சம்பளம் கொடுத்த வேலை வேறு. அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில் பாட்டில் அறை. கூரை வரை அலமாரி, அலமாரி நிறையக் கண்ணாடி பாட்டில், பாட்டில் நிறைய ஸ்பிரிட், ஸ்பிரிட்டில் சிலந்தி. பதினோரு வருடமாக அவற்றுக்கு லேபிள் எழுதி ஒட்டுகிறாள். "பொழுதுக்கும் குடிகாரங்களோடதான் இருக்கே" என்பான் கணவன். லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். ஏறுவதும் இறங்குவதும் அவனுக்குப் பழக்கம், வாயும் அப்படித்தான்.

ஸ்பிரிட்டில் போட்ட சிலந்திக்குக் கொஞ்ச நாளில் நிறம் போய்விடும். பச்சையும் சிவப்பும் மஞ்சளும் எல்லாம் வெளுத்துத் தேநீர்க் கறை மாதிரி ஆகிவிடும். ஆனால் லேபிளில் 'உயிரோடு இருந்தபோது நிறம்' என்று ஒரு கட்டம் உண்டு. பிடித்து வந்தவரைக் கேட்டுத்தான் அதை நிரப்ப வேண்டும்.

அப்படி அதிகமாகப் பாட்டில் கொண்டுவந்தவர் ஒட்டடைக்கோல். கல்லூரி வாத்தியார். உயரமும் ஒல்லியும் பார்த்து மாணவர்கள் வைத்த பெயர், கழகம் வரைக்கும் வந்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் பேச ஆரம்பித்தால் மைக்தான் களைத்துப்போகும். விடைபெறுவதற்கே அரை மணி நேரம் பேசுவார். அவர் வாயடைத்து நின்றதை ஒரே ஒரு தடவைதான் அவள் பார்த்திருக்கிறாள். ஒரு மலைக்காட்டிலிருந்து வந்த பாட்டிலை நீட்டி, "உயிரோட பாத்திருக்கணும்மா இதை!" என்றார். "என்ன நிறம் சார்?" என்று பேனாவோடு கேட்டாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். "பச்சைதான்... ஆனா அது பச்சை இல்ல... சே, எப்படிச் சொல்றது?" என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் அவள் 'பச்சை' என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்கே பொறுக்கவில்லை.

இந்த நிலையில்தான் தீவு ஆய்வு நிலையத்திலிருந்து தபால் வந்தது. வட்டாரக் கழகம் ஒன்றுக்கு ஒரு உறுப்பினர். ஆறு வாரம் தீவிலேயே தங்கி, காட்டுக்குள் நடந்து, சிலந்திகளை அவை இருக்கும் இடத்திலேயே பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். படகும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. படித்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு வாய்ப்பைப் பார்த்து 'இது எனக்கு' என்று தோன்றியது.

ஆனால் கழகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வாய்ப்பும் செய்திமடலில் வந்த பிறகுதான் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஒருவருக்கு மேல் கேட்டால் மாதக் கூட்டத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பேச வேண்டும், பிறகு கைதூக்கல். பேசும் முறை வரும்போது மண்டபத்தில் இல்லாதவர் போட்டியிலேயே இல்லை. இந்த விதியால் முதலில் அடிபட்டவர் பல் டாக்டரே. பெயர் கூப்பிட்ட நேரத்தில் தேநீர் குடிக்க வெளியே போயிருந்தார். போனது போனதுதான்.

மேடையில் ஒட்டடைக்கோலுக்கு முன்னால் இவள் எம்மாத்திரம்? கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே குரல் எழும்பாதவள்.

அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். தீவுச் செய்தியை இரண்டாம் பக்கத்தில் போடவில்லை. கடைசிப் பக்கத்தில், கறுப்புக் குடை ஒன்றுக்கும் இடதுகால் ரப்பர் பூட்ஸ் ஒன்றுக்கும் நடுவே, சின்ன எழுத்தில் போட்டாள்.

"ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை" என்று கணவனிடம் சொன்னாள்.

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ பூட்ஸுக்குள்ள ஒரு தீவையே மறைச்சிட்டியே!"

"தப்பா?"

"தப்புதான். ஆனா நீ தப்பு பண்ணி நான் பாத்ததே இல்லையா, கொஞ்சம் சந்தோஷமாவும் இருக்கு."

செய்திமடல் தபாலில் போனது. மறுநாள் பாட்டில் அறையில் போன் அடித்தது. பல் டாக்டர்.

"செய்தியம்மா, சீக்கிரம் சொல்லுங்க, இங்க ஒருத்தர் வாயைத் திறந்தபடியே இருக்காரு. அந்தத் தீவுக்குக் கடைசித் தேதி எப்ப?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க பாத்தீங்க டாக்டர்?"

"கடைசிப் பக்கத்துலதான். எல்லாரும் அங்கதானே ஆரம்பிப்போம்? குடை கிடைச்சுதான்னு பாக்க வேண்டாமா?"

"அப்ப ரெண்டாம் பக்கம்?"

போனுக்கு அந்தப் பக்கம் வாயைத் திறந்திருந்தவர் ஏதோ முனகுவது கேட்டது. "அது... ரொம்ப நல்லா இருக்கும்னு சொல்வாங்கம்மா" என்றார் டாக்டர்.

அவர் வைத்ததும் வங்கிக் குமாஸ்தா. அவர் வைத்ததும் ரயில் கார்டு. தோட்டக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். கழகம் பிறந்த நாளிலிருந்து எந்த வாய்ப்புக்கும் இத்தனை பேர் முண்டியடித்தது கிடையாது. சாயங்காலம் ஒட்டடைக்கோலும் பேசினார். "நானும் கேக்கறேன்மா, பேரைச் சேர்த்துக்கங்க" என்று ஆரம்பித்து, தீவுகளில் காற்று எந்தத் திசையில் வீசும் என்பது வரைக்கும் போய், போனின் சார்ஜ் தீர்ந்துதான் நின்றது.

வீட்டுக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். இத்தனை வருடமாக மூன்று முறை அடித்துத் திருத்திய இரண்டாம் பக்கத்தை ஒருவரும் படிக்கவில்லை. ஒளித்துவைத்த ஒன்றே ஒன்றை ஊரே படித்துவிட்டது.

நாத்தனார் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழனிப்பானையில் துள்ளி!"

"சிரிக்காதடி. வயித்தெரிச்சலா இருக்கு."

"அழுதா மட்டும் தீவு நீந்தி வந்துடுமா அண்ணி? உங்க பேரைக் குடுத்தீங்களா இல்லையா?"

"இனி எப்படிக் குடுக்கிறது? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?"

"இருக்கிற மூஞ்சிய வெச்சுக்கிட்டுதான். கடையில வேற மூஞ்சி விக்கிறாங்களா?" என்றாள் நாத்தனார். கையிலிருந்த கத்தரிக்கோலை அவள் அப்படி நீட்டியிருக்க வேண்டியதில்லை. ஆனால் பலன் இருந்தது. பட்டியலின் அடியில் அண்ணி தன் பெயரையும் எழுதினாள்.

கூட்டம் நூலகத்து மாடியில் நடந்தது. வாசல் பக்கத்து மேஜையில் வழக்கம்போலக் கிடைத்த சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். பூதக்கண்ணாடி, ஒற்றைப் பூட்ஸ், நாலைந்து குடை. அதில் பிடியில் நீல நூல் சுற்றிய நீளக் குடை ஒட்டடைக்கோலுடையது. அது அந்த மேஜைக்கு வருவதும் அவர் அதைப் பார்க்காமலே போவதும் மாதாமாதம் நடக்கும்.

நல்லவேளையாகப் பெயர்ப் பட்டியல் இளைத்திருந்தது. குமாஸ்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ரயில் கார்டுக்குப் படகு என்றால் வாந்தி. தோட்டக்காரருக்கு விதைப்புக் காலம். டாக்டர், "ஆறு வாரம் நான் இல்லன்னா ஊர்ல ஒரு பல்லு மிஞ்சாது" என்று தானே பெயரை அடித்துவிட்டார். மிச்சம் இரண்டு பேர். அவளும் ஒட்டடைக்கோலும்.

"அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம்" என்று ரயில் கார்டு எழுந்தார். "வாய்ப்பெல்லாம் ரெண்டாம் பக்கத்துலதானே வரும்? இது மட்டும் ஏன் பூட்ஸுக்குப் பக்கத்துல வந்தது? அச்சுப் பிழையா?"

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்துவிடும். எழுந்து நின்றாள்.

"பிழை இல்லைங்க. நான்தான் அங்க போட்டேன். யாரும் பாக்கக்கூடாதுன்னு. எனக்குப் போகணும்னு இருந்துச்சு."

டாக்டர்தான் முதலில் சிரித்தார். அது மண்டபம் முழுக்கப் பரவியது. "ஒளிச்சு வெக்க வேற இடமே கிடைக்கலையாம்மா? ரெண்டாம் பக்கத்துலயே போட்டிருக்கலாமே!" என்று தோட்டக்காரர் கத்தினார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தொண்டை திறந்துகொண்டது.

"சரி, நின்னதுதான் நின்னீங்க, பேசிடுங்க" என்றார் டாக்டர்.

"எனக்குப் பேச வராது. லேபிள்ல நிறம்னு ஒரு கட்டம் இருக்கு. பதினோரு வருஷமா அதை உங்களைக் கேட்டுத்தான் நிரப்புறேன். பச்சைன்னு சொன்னா பச்சைன்னு எழுதுவேன். நான் பாத்ததெல்லாம் வெளுத்ததுதான். எங்க வீட்டு மூலையில ஒண்ணு இருக்கு, அதுவும் சாம்பல் நிறம். ஒரே ஒரு கட்டத்தை நானே பாத்து எழுதணும். அவ்வளவுதான்."

உட்கார்ந்தாள். யாரும் கை தட்டவில்லை. கை தட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அடுத்தது நம்ம வாத்தியார்" என்றார் டாக்டர். ஜனங்கள் நாற்காலியில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். தோட்டக்காரர் கடியாரத்தைத் திருகினார்.

ஒட்டடைக்கோல் எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறந்தார். அன்று பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாரே, அதே முகம். வாயை மூடினார்.

மேடைப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் நடந்தார். மேஜையில் கிடந்த குடைகளைப் புரட்டி, நீல நூல் சுற்றிய தன் குடையைத் தேடி எடுத்தார். அதை ஒருமுறை தலைகீழாக விரித்து, மடிப்பில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை ஊதித் தள்ளினார். மடக்கினார். திரும்பி வந்து அவள் மடியில் வைத்தார்.

"வாத்தியாரே, வெளிய போயிடாதீங்க, உங்க முறை இது! விதி தெரியுமில்ல?" என்று டாக்டர் பதறினார்.

மாடி ஜன்னலுக்கு வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. ஒட்டடைக்கோல் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார்.