வாசல் தாண்டாத தண்ணீர்

பாஸ்டர் கிருபாகரனுக்கு ஒரு வாரமாக இருப்புக்கொள்ளவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் இருக்கிறது அவருடைய சபை. வெள்ளம் வந்த நாளிலிருந்து அங்கே கதிரைகளில் அரிசி மூட்டையும் பாய்க்கட்டும்தான் உட்கார்ந்திருக்கின்றன. காலையில் மட்டக்குளியில் வீடு வீடாகச் சேறு அள்ளுகிறார், பின்னேரம் முகாமில் சோற்றுப் பார்சல் கொடுக்கிறார். எல்லாம் செய்கிறார், பொரளைக்கு மட்டும் போகவில்லை. மூன்று தரம் பஸ் ஏறி, மூன்று தரமும் மருதானையில் இறங்கித் திரும்பி வந்துவிட்டார்.

பொரளை ஆஸ்பத்திரியில் கிடப்பவர் யதுஷாவின் கணவர். யதுஷா ஆறு வருடமாகச் சபைக்கு வருகிறவள், வீடு களனி ஆற்றோரம். இரண்டு வாரத்துக்கு முன் புயல் மழை கொட்டிய அன்று, வீட்டை விட்டு எழும்பிப் போவதா இருப்பதா என்று அவரிடம் போனில் கேட்டாள். கிருபாகரன் வொய்ஸ் மெசேஜில் ஒரு ஜெபம் அனுப்பினார். வார்த்தை நன்றாக ஓடிய நேரம் அது. ஓடிய வேகத்தில், தண்ணீர் உங்கள் வாசலைத் தாண்டாது, விசுவாசத்தோடு இருங்கள் என்றும் சொல்லிவிட்டார். ஆண்டவர் அப்படி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. அவள் நம்பி இருந்தாள். விடிவதற்குள் தண்ணீர் ஜன்னலுக்கு வந்துவிட்டது. குடும்பம் ஒன்றரை நாள் கூரையில் இருந்தது. கணவர் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி இறங்கிப் பக்கத்து வீட்டுக்காரர்களையும் ஏற்றிவிட்டார். பிறகு அந்தத் தண்ணீரால் அவருக்கு எலிக்காய்ச்சல் கண்டது. இப்போது சிறுநீரகம் வேலை செய்யவில்லை.

கூட ஊழியம் செய்யும் பாஸ்டர் ஜெயசீலனிடம் இதைச் சொன்னபோது, எல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்று சொல்லி ஜெபம் பண்ணிவிட்டு வாருங்கள் என்றார். ஜெயசீலன் நல்ல மனிதர், தூக்கமில்லாமல் முகாம் முகாமாகத் திரிகிறவர். ஆனாலும் அன்றைக்கு அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போலிருந்தது கிருபாகரனுக்கு. தன் பிழையைத் தூக்கி ஆண்டவர் தலையில் கட்டுவதா?

நாலாம் தரம் அவர் மருதானையில் இறங்கவில்லை. பஸ்ஸில் மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே போனார். எந்தப் பிரசங்கத்துக்கும் அவர் அப்படித் தயார்பண்ணியதில்லை.

யதுஷா தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே மரவாங்கில் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டு எழும்பவில்லை. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புவித்தார். வாசல் தாண்டாது என்றது தன்னுடைய சொந்தச் சொல், பிழை முழுக்கத் தன்னுடையது, வெள்ளத்துக்குப் பிறகு தனக்கு ஜெபமே வருவதில்லை என்றார்.

"அது உங்கட சொல்தான் எண்டு தண்ணி வந்த உடனேயே எனக்குத் தெரிஞ்சிட்டுது பாஸ்டர்," என்றாள் அவள். "எண்டாலும் கூரையில இருந்து அந்த வொய்ஸத்தான் திருப்பித் திருப்பிப் போட்டம், போன்ல சார்ஜ் முடியிற வரைக்கும். அதில எங்கட பேரெல்லாம் சொல்லுறீங்க. என்ட பேர், பிள்ளையள்ட பேர். அதக் கேட்டாத்தான் சின்னவ அழாம இருந்தா."

கிருபாகரனுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. அதை அனுபவிக்க அவள் விடவில்லை.

"அவர்ட பேர் அதில இல்ல. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர். உங்கட பாஸ்டர் என்னை விட்டுட்டார் எண்டு பகிடி விட்டுட்டுத் திரும்பவும் தண்ணிக்குள்ள இறங்கினவர்."

அந்த மனிதரைக் கிருபாகரனுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறு தவறாமல் மனைவி பிள்ளைகளைத் த்ரீவீலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர்த் தேத்தண்ணிக் கடையில் காத்திருப்பவர். நெற்றியில் திருநீறு இருக்கும். பாஸ்டர் மாடியிலிருந்து கை காட்டுவார், அவரும் காட்டுவார். சபையில் அவருக்காக ஜெபிக்காத வாரமில்லை. சகோதரியின் கணவரைச் சந்தியும் ஆண்டவரே என்பார்கள். ஆறு வருடமும் அவர் சகோதரியின் கணவராகவே இருந்துவிட்டார்.

பெயரை நினைவில் தேடினார், கிடைக்கவில்லை.

"வந்த முதல் நாளே நான் சொன்னனான்," என்றாள் யதுஷா. "நீங்க சிரிச்சிட்டு, ஞானஸ்நானம் எடுக்கேக்க வேற நல்ல பேர் வைப்பம் எண்டீங்க."

சொன்னது ஞாபகம் வந்தது. மனப்பாடம் செய்ததில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

தாதி கதவைத் திறந்து, ஒரு ஆள் மட்டும், இரண்டு நிமிஷம் என்று சிங்களத்தில் சொன்னாள். யதுஷா இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"நீங்க போங்க. சுகமாகும் எண்டு ஒண்டும் சொல்ல வேணாம். பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்க. அவருக்குக் காது கேக்குமாம்."

"பேர் என்ன சிஸ்டர்?"

"சிவபாதசுந்தரம்."

உள்ளே, குழாய்களுக்கு நடுவில் அவர் கண்மூடிக் கிடந்தார். நெற்றியில் யாரோ திருநீறு பூசிவிட்டிருந்தார்கள். கிருபாகரன் கட்டிலோரம் குனிந்து, ஆண்டவரே, சிவபாதசுந்தரம் என்றார். அதற்குப் பிறகு வார்த்தை வரவில்லை, அவர் தேடவும் இல்லை. அந்தப் பெயரையே மறுபடியும் அவர் காதில் சொன்னார். யாரோ கேட்கிறார் என்ற நம்பிக்கை வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவருக்கு வந்தது. நேரம் முடிந்தது என்று தாதி வந்து தோளைத் தொடும்வரை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே நின்றார்.