கவரில் இல்லாத கேள்வி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மாலை தாம்பரம் சபை மண்டபத்தில் வினாடி வினா நடந்தபோது யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அன்று வராதவர்களும் நேரில் பார்த்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். போதகர் ஞானசிகாமணி இருந்தார். கேள்வி கேட்பவராக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜெபராஜ் மேடையில் இருந்தார். அவர் மனைவி யூனிஸ் மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே. சேலையூர் அணிக்குத் தலைவர், வங்கியில் வேலை பார்த்த ரெஜினால்ட். மேடவாக்கம் அணிக்குத் தலைவி, நர்ஸ் ஜெனி. ஜெனியின் அணியில் ஒருத்தி மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டதால் அவளுக்குப் பதிலாக வந்தவள் ஹேமாவதி. மற்றவர்கள் சபையார், கைதட்ட வந்தவர்கள், அதற்குப் பின் கொடுக்கும் பிரியாணிக்கு வந்தவர்கள். ஜெபராஜின் ஒரே மகன் டெனிஸ் அங்கே இல்லை.

ஹேமாவதி யார் என்பது அந்த மண்டபத்தில் அவளைத் தவிர மூன்றே பேருக்குத் தெரியும். ஜெபராஜுக்கு, யூனிஸுக்கு, ஜெனிக்கு. அஸ்தினாபுரத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலங்களை மனைகளாக்கி விற்ற அரிகிருஷ்ணனின் மகள் அவள். சித்திரையில் டெனிஸும் அவளும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மறுநாள் டெனிஸ் ஃபோனில் செய்தியைச் சொன்னபோது ஜெபராஜ், "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து யாரோ டெனிஸைப் பற்றி விசாரிக்க, "பெங்களூருக்கு மாத்திட்டாங்க" என்றார். அதைப் பொய் என்று அவர் நினைக்கவில்லை. வீட்டு விஷயம் வீட்டுக்குள் இருக்க ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவுக்குப் பெங்களூர் என்று பெயர் வைத்தார், அவ்வளவுதான். டெனிஸ் இருந்தது மேடவாக்கத்தில், ஜெபராஜின் வீடு இருக்கும் கேம்ப் ரோட்டிலிருந்து ஒரே ரோடு.

மருமகளை அவர் அதுவரை ஒரு புகைப்படத்தில்தான் பார்த்திருந்தார். இன்று அவள் நேராக மேடைக்கு வந்து, "வணக்கம் சார்" என்றாள். அவரும், "வணக்கம். மூணாவது நாற்காலி" என்றார். அதற்குள் அவர் பார்வை யூனிஸிடம் போயிருந்தது. யூனிஸ் விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டிருக்கும் விசிறியில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது?

சந்தேகம் அங்கேதான் தொடங்கியது என்று சொல்ல முடியாது. பத்து நாட்களாகவே வீட்டில் ஏதோ சரியில்லை. யூனிஸ் ஃபோனோடு மாடியில் துணி காயப்போடப் போனால் துணி காய்கிற வரைக்கும் இறங்குவதில்லை. அச்சுமுறுக்குச் சுட்டு டின்களில் அடைத்தாள். அதில் ஒரு டின் குறைந்தது. கேட்டதற்குப் பால்காரருக்குக் கொடுத்ததாகச் சொன்னாள். பால்காரர் சர்க்கரை நோயாளி. கேள்வித்தாளைப் பழுப்புக் கவரில் போட்டுப் பசை தடவி ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டிய பிறகும், ஜெபராஜ் ராத்திரியில் எழுந்து ஒட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஓரம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நீராவி காட்டினால் எந்தப் பசையும் விட்டுவிடும் என்று இத்தனை வருடப் பரீட்சை அனுபவம் சொன்னது.

இருபது வருடங்களுக்கு மேல் அந்தச் சபையில் கேள்வி எடுப்பவர் அவர்தான். அதற்கான விதிகளையும் அவரே வகுத்தார். அதில் முதல் விதி, கேள்வி எடுப்பவர் வீட்டார் போட்டியில் சேரக் கூடாது. அதனால் டெனிஸ் எந்த வருடமும் மேடை ஏறியதில்லை. கீழே உட்கார்ந்து, பதில் தெரியும் என்பதை முகத்தில் காட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டே வளர்ந்தான். மகனுக்கே சலுகை காட்டாத ஆள் என்ற பெயர் ஜெபராஜுக்கு அப்படிக் கிடைத்ததுதான்.

முதல் சுற்று தொடங்கியது. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் எத்தனை பேர் என்று கேட்டார். சேலையூர் முந்திக்கொண்டு மணியை அடித்து மூன்று என்றது. தவறு. அடுத்து ஹேமாவதி.

"எத்தனை பேருன்னு வேதத்துல சொல்லல சார். காணிக்கைதான் மூணு. ஆள் மூணுன்னு யார் எண்ணிப் பார்த்தா?"

மண்டபம் சிரித்தது. ஜெபராஜ் சிரிக்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியம் அவருடையது. சொல்லுக்குச் சொல் அவருடையது. பதில் கசிந்திருந்தால் பதில்தானே கசிந்திருக்க வேண்டும், சொல்லும் விதமுமா கசியும்? முதன்முதலில் குடில் வைத்து ஆராதித்தது எங்கே என்றார். இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலையூரில், பிரான்சிஸ் என்ற துறவி, என்றாள். "அதெல்லாம் கத்தோலிக்கர் விஷயமாச்சே" என்று சேலையூர்ப் பக்கம் முணுமுணுத்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலக்கதைக்கு உரிய நிக்கொலாஸ் பிஷப்பாக இருந்த மீரா நகரம் இன்று எந்த நாட்டில் இருக்கிறது என்றார். "துருக்கி. பனி வண்டியெல்லாம் பிற்பாடு வந்தது சார்." இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடக் கூடாது என்று தடை போட்டது யார் என்றார். "அவங்க நாட்டுப் பார்லிமென்ட்டே. அன்னிக்குக் கடையைத் திறந்து வைக்கணும்னு சட்டம் போட்டாங்க." ஒவ்வொரு பதிலுக்கும் ஜெனி மேஜைக்கு அடியில் ஹேமாவதியின் முழங்காலைத் தட்டினாள். கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வளர்ந்த பெண். இத்தனையும் எங்கிருந்து வரும்?

தேநீர் இடைவேளையில் ரெஜினால்ட் காகிதக் குவளையை ஊதிக்கொண்டே பக்கத்தில் வந்தார். அவர் எதையும் நேராகக் கேட்கிறவர் அல்ல.

"சார், இந்த வருஷம் கொஸ்டின் பேப்பர் மேடவாக்கத்துக்கு மட்டும் வாட்ஸப்புல வந்துடுச்சோ?"

"நான் எடுத்த பேப்பர் ரெஜினால்ட்."

"அதான் சார் ஆச்சரியமா இருக்கு. உங்க பேப்பராச்சே."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஜெபராஜுக்குக் காது மடல் சுட்டது. அவர் நேராகத் தேநீர் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற யூனிஸிடம் போனார். குரலை உயர்த்தாமல் பேசுவதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. வகுப்பறையில் அதற்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

"கவர் உன் கைக்கு எப்ப வந்துச்சு?"

"எந்தக் கவருங்க?"

"அச்சுமுறுக்கு டின் எங்க போச்சு?"

யூனிஸ் குவளையைக் கீழே வைத்தாள். "மேடவாக்கத்துக்குப் போச்சு. நான்தான் பஸ்ல கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெண்டு தடவை போயிருக்கேன். முறுக்குக் கொடுத்தேன், கேள்வி கொடுக்கல. உங்க கேள்வி யாருக்குங்க வேணும்?"

"அப்ப இவளுக்கு எப்படித் தெரியுது?"

"அவளையே கேளுங்க. பொண்ணு எதிர்லதானே உட்கார்ந்திருக்கு."

அவர் கேட்கப்போவதில்லை. கேட்டால் அவளோடு பேச்சுவார்த்தை என்று ஆகிவிடும். அவர் வேறொன்று செய்ய முடிவெடுத்தார். மண்டபத்தின் மூலையில் வழக்கம்போல் ஒரு சவுக்குக் கிளையை மண் நிரப்பிய தகர டின்னில் நட்டு, பஞ்சு ஒட்டி, வெள்ளிக் காகிதம் சுற்றி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கவரில் இருக்கும் கடைசிக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை. கவரில் இல்லாத கேள்வி, எந்தக் காகிதத்திலும் எழுதப்படாத கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும். அப்போது தெரிந்துவிடும். திருடிய பதிலை வைத்திருப்பவர் திகைப்பார். அந்தத் திகைப்பை அவர் எத்தனையோ பரீட்சைக் கூடங்களில் பார்த்திருக்கிறார். அது கண்ணில் வராது, பேனா பிடித்த கையில் வரும்.

கடைசிச் சுற்று. ஜெபராஜ் காகிதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வெளிநாட்டுல பைன் மரத்தைக் கிறிஸ்துமஸ் மரமா வைக்கிறாங்க. நாம சவுக்கு வைக்கிறோம். இந்தக் கடற்கரைப் பக்கமெல்லாம் சவுக்கை எதுக்காகத் தோப்புத் தோப்பா நட்டாங்க?"

சேலையூர் புயலைத் தடுக்க என்றது. தவறு. ஜெபராஜ் ஹேமாவதியின் கையைப் பார்த்தார். கை அசையாமல் மேஜை மேல் இருந்தது. அவள் ஜெனியிடம்கூடக் கேட்கவில்லை.

"அது ஒரு மிஷனரி அம்மா சார். கப்பல்ல வரும்போதே அவங்க பையனுக்குக் காய்ச்சல். இங்க வந்து இறங்கினதும் கிறிஸ்துமஸ் மரம் எங்கேன்னு கேட்டான். இங்க பைன் கிடையாது. அதனால அவங்க கையில இருந்த சவுக்கு விதையை மணல்ல போட்டாங்க. மரம் வளர்ற வரைக்கும் நீ தூங்கக் கூடாது, கண்ணைத் திறந்துக்கிட்டே இருன்னு பையன்கிட்டச் சொன்னாங்க. அவன் திறந்துக்கிட்டே இருந்தான். காய்ச்சல் போயிடுச்சு. ஆனா மரம் வர்றதுக்குள்ள அவன் பெரியவனாகி, அவனுக்கே புள்ள பொறந்து, அந்தப் புள்ளைக்குத்தான் முதல் கிளையை வெட்டினாங்க."

பின் வரிசையில் யாரோ ஒரு அம்மாள், "ஸ்தோத்திரம்" என்றாள்.

அப்படி ஒரு மிஷனரி அம்மாள் இருந்ததில்லை. அப்படி ஒரு பையனும் இல்லை. டெனிஸுக்கு ஏழு வயதில் டைஃபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, யூனிஸ் குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பையனின் கண் செருகுவதைப் பார்த்துப் பயந்து ஜெபராஜ் வாய்க்கு வந்ததைக் கோத்துச் சொன்ன கதை அது. அதற்கு முன்னாலும் சொன்னதில்லை, பின்னாலும் சொன்னதில்லை. உண்மை அல்லாததைச் சொல்லிக்கொடுத்தோமே என்று சில நாள் உறுத்தியது. பிறகு மறந்தும் போனது. உலகத்தில் அந்தக் கதை இரண்டு பேரிடம்தான் இருந்தது. இப்போது மூன்றாவது ஆள் எதிரே உட்கார்ந்து, அதை ஒரு பதிலாக அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, சரியா என்று பார்க்கிறாள்.

கவர் யார் கைக்கும் போகவில்லை. பீரோவும் பசையும் சரியாகத்தான் இருந்தன. கசிந்தது வேறு இடத்தில். எந்த வருடமும் மேடை ஏறாத பையன், மேடவாக்கத்தில் ஏதோ ஒரு அடுக்குமாடியில், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும்போதோ சோறு வேகும்போதோ, அப்பா வாயால் கேட்டு வளர்ந்ததை ஒவ்வொன்றாய் அவளிடம் சொல்லியிருக்கிறான். அவர் சொன்ன மாதிரியே சொல்லியிருக்கிறான்.

"தவறு" என்றார் ஜெபராஜ். "விறகுக்காக. ரயில் எஞ்சினுக்கும் பட்டணத்து அடுப்புக்கும் விறகு வேணும்னு நட்டாங்க. இந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது."

"அப்படியா சார்" என்றாள் ஹேமாவதி. "எனக்குச் சொன்னவர் உறுதியாச் சொன்னார்."

அந்த ஒரு மதிப்பெண் போயும் மேடவாக்கம்தான் முதலிடம். போதகர் கோப்பையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். ரெஜினால்ட் தன் அணியிடம் குனிந்து ஏதோ சொல்ல, அவர்கள் மேடையைப் பார்த்தார்கள். ஜெபராஜ் மைக்கைப் பிடித்தபடி நின்றார். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். கோப்பையைக் கொடுத்துவிடலாம், அவள் போய்விடுவாள், பெங்களூர் பெங்களூராகவே இருக்கும். ஜெனி சொல்ல மாட்டாள், யூனிஸ் சொல்ல மாட்டாள். ஆனால் என்றைக்காவது தெரியும். அன்றைக்கு ஜெபராஜ் தன் மருமகளுக்குக் கோப்பை கொடுத்தார் என்று பேச்சு வரும். டெனிஸை இத்தனை வருடம் கீழே உட்கார வைத்ததெல்லாம் வேஷம் என்று ஆகும், அவன் பொறுத்துக்கொண்டதும் வீணாகும். சொன்னாலோ, எட்டு மாதமாகச் சபை வாசலில் நின்று சொன்ன வார்த்தை பொய் என்று தன் வாயாலேயே ஆகும். இரண்டிலும் மானம் போகிறது. எந்த மானம் தன்னுடையது, எது தன் மகனுடையது என்று மட்டும்தான் அவர் யோசிக்க வேண்டியிருந்தது.

"ஒரு நிமிஷம் ஐயா" என்றார் போதகரிடம். பிறகு மைக்கில்: "மேடவாக்கம் அணியோட மதிப்பெண் செல்லாது. கேள்வி எடுப்பவர் வீட்டார் சேரக் கூடாதுங்கறது விதி. ஹேமாவதி என் மருமகள். டெனிஸோட மனைவி. கோப்பை சேலையூருக்கு."

ஜெனி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "இது அநியாயம் அங்கிள். அவ உங்க வீட்டுக்குள்ள கால்கூட வச்சதில்லையே."

"உட்காரு ஜெனி" என்றாள் ஹேமாவதி. பிறகு மேடையைப் பார்த்து, "சரிங்க மாமா" என்றாள்.

ரெஜினால்ட் கோப்பையை வாங்க எழுந்து வந்தவர் பாதியில் நின்றார். "அப்ப டெனிஸ் பெங்களூர்ல இல்லையா சார்?"

"இல்லை" என்றார் ஜெபராஜ்.

யூனிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையாகவும் இருக்கலாம், ஆனால் அவள் இருந்தது விசிறிக்கு நேர் கீழே.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான் ஊரில் பல கதைகள். ஜெபராஜ் மேடையிலேயே அழுதுவிட்டார், மருமகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார், எல்லாமே மாமனாரும் மருமகளும் முன்கூட்டியே பேசிவைத்து நடத்திய நாடகம், அன்றைக்கே காரில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் கேக் வெட்டினார்கள் என்று செம்பாக்கம் வரைக்கும் பேச்சு. அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் அழவில்லை. யார் தலையிலும் கை வைக்கவில்லை. அவர் வீட்டில் கார் கிடையாது. ஜெனி பாட்டுப் பயிற்சிக்கு இருந்துவிட்டதால் ஹேமாவதி ஷேர் ஆட்டோ ஏற வந்தாள். அதே ஆட்டோவில் யூனிஸ் ஏறினாள். ஜெபராஜ் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கேம்ப் ரோடு முனையில் டிரைவர் வண்டியை மெதுவாக்கி, "இன்னா சார், யாராவது எறங்கறீங்களா, நேரா மேடவாக்கம் வுட்றவா?" என்று கேட்டார். ஜெபராஜ் இறங்காமல், மேடவாக்கம் போகிற ரோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.