இன்னொரு மாதம்

"அந்த இடத்துல அழக்கூடாது. முதல்ல நன்றி சொல்லு. அப்புறம் எங்க அம்மாவைப் பாரு. அப்புறம் கிளம்புறேன்னு சொல்லு. நடுவுல அழுதா எல்லாம் கெட்டுடும்."

"ஏன் கெடும்?"

"நீ அழுதா அம்மா அழுவாங்க. அம்மா அழுதா நீ டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுடுவ. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மாரிட் சிரித்தாள். முற்றத்துத் தொட்டியில் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்த நினெத் சிரிக்கவில்லை. அந்த விரிப்பு மாரிட்டுடையது. அவள் தங்கியிருந்த அறையோ ஒரு காலத்தில் நினெத்தின் அறை. ஷேலா நகரத்து மொழிப் பள்ளிகளுக்கு ஸ்பானிஷ் படிக்க வருகிறவர்கள் ஏதாவது ஒரு குடும்பத்தோடு தங்குவார்கள். நினெத்தின் அம்மா டோன்யா ஒலிம்பியா வீட்டில் ஆறு வருடங்களாக அந்தக் கட்டில் காலியாக இருந்ததில்லை. ஒருவர் வாசலில் பெட்டியை இறக்கும்போது, முந்தையவர் விட்டுப்போன சோப்பு இன்னும் ஈரமாகவே இருக்கும்.

மாரிட் நார்வேக்காரி. மழைக்காலம் தொடங்கியபோது வந்தாள். நாளை வெள்ளிக்கிழமை, படிப்பு முடிந்தவர்களுக்குப் பள்ளியில் மதிய விருந்து. கிளம்புகிறவர்கள் எழுந்து நின்று ஸ்பானிஷில் நாலு வார்த்தை பேச வேண்டும். அந்த நாலு வார்த்தைக்குத்தான் இந்த ஒத்திகை.

நினெத்துக்கு அந்தப் பேச்சு மாரிட்டைவிட நன்றாக மனப்பாடம் ஆகியிருந்தது. தலைநகரத்துச் செவிலியர் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை நேரில் போய் நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். போன வருடம் அப்படித்தான் போனது. அப்போது தங்கியிருந்த ஜப்பானியப் பையன் கடைசி நேரத்தில் தங்கும் நாளை நீட்டித்தான். "விருந்தாளி இருக்கும்போது எப்படிப் போவே? இவன் கிளம்பட்டும், அப்புறம் நீ போ" என்றாள் அம்மா. இந்த வருடமும் அதையேதான் சொல்லியிருக்கிறாள், பையனுக்குப் பதிலாக மாரிட்டை வைத்து.

அம்மா சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அப்பா வேலை தேடி வடக்கே போய்த் தொலைந்த பிறகு இந்த விருந்தாளிகளை வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. இரண்டு வருடம் முன்பு அம்மாவின் முகத்தில் இடப்பக்கம் வாதம் இழுத்தது. அதன் பிறகு அவள் பேச்சு வாய்க்குள்ளேயே குழைந்தது. வருகிற மாணவர்கள் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்கள். சாப்பாட்டு மேசையில் மாணவரோடு பேச ஆள் இல்லாத வீட்டைப் பள்ளி தன் கணக்கில் வைத்துக்கொள்ளாது. ஆக, அந்த வீட்டுக்கு நாக்கு நினெத்தான்.

அவள் பேசிப் பேசியே பழகிவிட்டாள். பல் முளைக்காத குழந்தைக்குப் பழம் நறுக்கிக் கொடுப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி. இன்றைக்கு மழை பெய்கிறது. இது அவரை. உங்கள் ஊரில் மலை இருக்கிறதா? சந்தையில் தக்காளி வாங்கும்போதுகூட அப்படியே பேசிவிடுவாள்; கடைக்காரி, "எனக்குக் காது கேக்கும் மகளே" என்பாள்.

கல்லூரி விஷயத்தை மாரிட்டிடம் அவள் சொல்லவே இல்லை. வீட்டுச் சங்கடம் விருந்தாளி காதுக்குப் போகக் கூடாது. அது அந்த வீட்டில் எழுதாத சட்டம். இன்னொரு சட்டத்தை வந்த முதல் நாளே மாரிட்டுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்: "அம்மா எது குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லாதே. உனக்கு உடம்பு சரியில்லைன்னு நினைச்சுக் கவலைப்படுவாங்க, இல்லாட்டி கோவிச்சுக்குவாங்க. நன்றி, கொஞ்சம் மட்டும்னு சொல்லு. அது போதும்." அன்றிலிருந்து மாரிட் அவரைக்கும் வாழைப்பழ வறுவலுக்கும் அப்படியே சொல்லி இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி முற்றத்தில் மேசைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் வந்திருந்தது. டோன்யா ஒலிம்பியா வாயின் இடப்பக்கத்தைச் சால்வையால் மறைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் அமர்ந்திருந்தாள்.

அப்போதுதான் நினெத் அம்மாவின் கூடையைக் கவனித்தாள். கிளம்புகிற ஒவ்வொருவருக்கும் அம்மா தன் கையால் பூ வேலை செய்த, ரொட்டியைச் சூடு ஆறாமல் சுற்றி வைக்கும் துணி ஒன்றைக் கொடுப்பாள். அது இல்லாமல் யாரையும் வழியனுப்பியதில்லை; சண்டை போட்டுக்கொண்டு போன கனடாக்காரனுக்குக்கூடக் கொடுத்தாள். கூடையில் இன்று காலிப் பாத்திரமும் குடையும் மட்டும் கிடந்தன.

"அம்மா, துணி எங்கே?"

அம்மா சாப்பாட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

மாரிட் எழுந்தாள். நன்றி சொன்னாள். சொல்லிக் கொடுத்தபடியே அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை. பேச்சு எழுதிய காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தான் கிளம்பவில்லை என்றும், இன்னொரு மாதம் அதே வீட்டில் தங்கப்போவதாகவும் சொன்னாள். பிழையில்லாமல் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். பள்ளியில் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் வால்ட்டர், டோன்யா ஒலிம்பியா சோற்றில் என்ன மந்திரம் போடுகிறார், தன்னையும் அங்கே சேர்த்துக்கொள்வாரா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். நினெத்தும் கை தட்டினாள். இரண்டு கைகளும் வேறு யாருடையவோ போல இருந்தன.

திரும்பி வரும்போது தூறியது. அம்மா முன்னால் வேகமாக நடந்துவிட்டாள். நினெத் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விருந்தாளியிடம் வேகமாகப் பேசினாள். கல்லூரி, திங்கட்கிழமை, போன வருடம், எல்லாவற்றையும் கொட்டினாள். மாரிட்டுக்குப் பாதி புரியவில்லை. நடு வீதியில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னாள். நினெத் மறுபடி, மெதுவாக, பழம் நறுக்கினாள்.

மாரிட்டின் முகம் வெளுத்தது. "நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ ஏன் சரின்னு சொன்னே?"

"உங்க அம்மா என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. இன்னைக்குக் காலையில. எனக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியல. நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன். நன்றி, கொஞ்சம் மட்டும்னு."

"அம்மா கேட்டது உனக்கு எப்படிப் புரிஞ்சுது? அவங்க பேச்சு யாருக்கும் புரியாதே."

"மெதுவா சொன்னாங்க. ரொம்ப மெதுவா, உன்னை மாதிரி. எல்லாமே புரிஞ்சுது."

"என்ன சொன்னாங்க?"

மாரிட் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். "நீ இருந்தா அவளும் இருப்பா. அப்படிச் சொன்னாங்க. உனக்கு என்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்றாங்கன்னு நினைச்சேன்."

இருவரும் நனைந்தபடியே வீடு வரை நடந்தார்கள். குடை அம்மாவின் கூடையோடு முன்னாலேயே போய்விட்டிருந்தது.

வீட்டில் அம்மா சால்வையை அவிழ்த்துவிட்டு அடுப்படியில் நின்றிருந்தாள். விருந்து முடிந்து வந்த கையோடு இரவுக்கு மாவு தட்டத் தொடங்கியிருந்தாள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாவு தாவியது. தட் தட் என்று சீரான சத்தம். கல்லில் ஒரு ரொட்டி உப்பி நின்றது. மேசையில் மூன்று தட்டுகள் போட்டிருந்தன. நினெத்தின் தட்டு சுவரோரம், எப்போதும் போல. இருவர் எழுந்து வழி விட்டால்தான் அவளால் வெளியே வர முடியும்.

அம்மா முகத்தைத் திருப்பாமலே, உட்கார், சூடாக இருக்கிறது என்று சைகை செய்தாள்.

நினெத் உட்காரவில்லை. மாரிட் வாசற்கதவருகே நனைந்த செருப்போடு நின்றாள். உள்ளே வருவதா, அறைக்குப் போவதா என்று தெரியவில்லை அவளுக்கு. கல்லில் இருந்த ரொட்டி ஓரம் கருகத் தொடங்கியது. அம்மா அதைத் திருப்பிப் போடவில்லை.

"அம்மா, நீங்க மெதுவாப் பேசினா அவளுக்குப் புரியுது." நினெத்துக்குக் குரல் உயரவில்லை, சொல் சொல்லாகத்தான் வந்தது. "எல்லாருக்கும் புரியும். நான் இல்லாமலே இந்த வீட்ல பேச்சு நடக்கும். திங்கட்கிழமை விடியல் பஸ்ஸுக்கு என்னைப் போக விடுங்கம்மா."